சிட்டியைக் கழற்றிய நாள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ‘எந்திரன்’ போட்டார்கள். எத்தனையாவது தடவையோ! சாப்பிட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்தவன் தூங்காமல் கடைசி வரைக்கும் பார்த்தேன். கடைசி வரைக்கும் என்று சொல்வது தப்பு. சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் இடம் முடிந்ததும் எழுந்து டிவியை அணைத்துவிட்டேன். அதற்கப்புறம் 2030-ல் மியூசியத்தில் நடப்பதாக ஒரு சின்னக் காட்சி வரும். அதை நான் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

படம் வெளியானது 2010 அக்டோபர் 1-ஆம் தேதி. நான் ரிட்டயர் ஆன வருஷமும் அதுதான். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்து, குரோம்பேட்டை வெற்றி தியேட்டருக்குப் போனோம். நான், என் மனைவி, ஆறு வயதுப் பேரன். பேரனுக்குச் சிட்டி என்றால் உயிர். படம் வருவதற்கு முன்பே போஸ்டரைப் பார்த்து ‘ரோபோ ரஜினி’ என்று பேர் வைத்திருந்தான். கொசுவைப் பிடிக்க சிட்டி போன இடத்தில் அவன் சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் படத்தில் சிட்டியை இரண்டு தடவை கொல்கிறார்கள். இதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் தடவை, ராணுவ அதிகாரிகள் முன்னால் சிட்டி காதலைப் பற்றிப் பேசி மானத்தை வாங்கிவிட்டான் என்று, அவனை உண்டாக்கிய வசீகரனே கோபத்தில் கோடாலியால் வெட்டிக் குப்பைமேட்டில் போட்டுவிடுகிறார். (தாம்பரம் பக்கத்து ஆட்களுக்குக் குப்பைமேடு என்றாலே பெருங்குடிதான் ஞாபகத்துக்கு வரும். படத்தில் எந்த இடமோ, என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.) அங்கே பேரன் அழவில்லை. கோபப்பட்டான். அடிபட்டவன் எழுந்து வருவான் என்று குழந்தைகளுக்குத் தெரியும், அப்படியேதான் வந்தான்.

இரண்டாவது தடவைதான் நிஜமான சாவு. கோர்ட் உத்தரவு போடுகிறது. யாரும் அவன் மேல் கை வைக்கவில்லை. அவனே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொண்டு, நின்றிருப்பவர்களிடம் பேசி விடைபெற்றுக்கொண்டு போகிறான். முதல் கை கழன்றபோதே பேரன் விசும்ப ஆரம்பித்தான். தலை வரும்போது பாட்டியின் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தியேட்டரில் அங்கங்கே வேறு குழந்தைகளின் அழுகைச் சத்தமும் கேட்டது.

எனக்கும் தொண்டையை அடைத்தது. ஆனால் காரணம் வேறு. முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு அது சாவுக் காட்சியாகத் தெரியவில்லை, கண்டெம்னேஷன் ஃபைலாகத் தெரிந்தது. சர்க்கார் ஆபீசில் ஒரு நாற்காலியைக்கூடச் சும்மா தூக்கி எறிய முடியாது. வாங்கிய தேதி, வாங்கிய விலை, இப்போதைய நிலை, பழுதுபார்த்தால் கட்டுப்படியாகுமா, எல்லாம் எழுதி நோட் போட வேண்டும். நான் பதினெட்டு வருஷம் தட்டிய ரெமிங்டன் டைப்ரைட்டரைக் கண்டம் செய்ய நோட் போட்டதும் நான்தான். ‘இனி உபயோகமில்லை’ என்கிற வாக்கியத்தை அந்த மிஷினிலேயே தட்டினேன். சிட்டி தன் கையால் தன்னைக் கழற்றியபோது எனக்கு அந்த மத்தியானம்தான் ஞாபகம் வந்தது. வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

என் மனைவி பார்த்தது இன்னொன்று. இடது பக்கமாகச் சாய்ந்து என் காதில், “ஏங்க, மதுரை வீரன் மாதிரியே இருக்குல்ல?” என்றாள். எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன்! 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து ஓடு ஓடென்று ஓடிய படம். காவலுக்கு வந்தவனையே சந்தேகப்பட்டு ராஜா தண்டனை கொடுக்கிறார். உண்மை தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. ஜனங்கள் அவனைச் சாமியாக்கிக் கோயில் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊரில் பாதிக் காவல் தெய்வங்கள் இப்படி அநியாயமாகச் செத்தவர்கள்தானே. அறிவியல் படத்தை அவள் ஒரே வரியில் ஊர் எல்லைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ரஜினியைத் திரையில் சாகடிப்பது லேசான காரியமில்லை. ஷங்கர் அதில் கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறார். போகிறவனும் ரஜினி, பக்கத்தில் நின்று கலங்குகிறவரும் ரஜினி. ரசிகன் ஒருத்தனைப் பறிகொடுத்தாலும் இன்னொருத்தரோடு வீட்டுக்குப் போகலாம். குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவனுக்கு வசீகரன் யாரோ ஒரு தாடி மாமா. போனது சிட்டி.

அப்புறம் வந்தது மியூசியக் காட்சி. கண்ணாடிக்குள் பாகம் பாகமாகச் சிட்டி. சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒரு பெண் குழந்தை, இவனை ஏன் கழற்றினார்கள் என்று கேட்க, தனியாக இருக்கும் தலை பதில் சொல்கிறது. சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று. நல்ல வசனம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேரன் புடவையிலிருந்து தலையை வெளியே எடுத்தான்.

“தாத்தா, தலை பேசுதே! அப்ப திரும்ப மாட்டிடலாமா?”

“மாட்டிடலாம்டா. ஸ்க்ரூதானே” என்றேன்.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க. போனா போனதுதான் கண்ணு. அதுக்குத்தான் அவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போறான்” என்றாள் அவள்.

வீடு வரைக்கும் இந்தச் சண்டைதான். குழந்தையிடம் ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று அவள். ஆறு வயதுப் பிள்ளையிடம் சாவைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டுமா என்று நான். பேரன் என் பக்கம் சேர்ந்துகொண்டான். மறுநாள் காலை எழுந்ததும் முதல் கேள்வி, “எப்ப மாட்டுவாங்க?”

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு பழைய வினை உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பதின்மூன்று வயதில் ழூல் வெர்ன் எழுதிய நெமோ கேப்டன் கதையில் மூழ்கிக் கிடந்தேன். கடலுக்கடியில் நாட்டிலஸ் என்ற கப்பலை ஓட்டும் அந்த மனுஷன், கதை முடிவில் நார்வேக்குப் பக்கத்தில் பெரிய சுழலில் மாட்டிக்கொள்வார். பிழைத்தாரா, போனாரா என்று வெர்ன் சொல்லமாட்டார். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வாத்தியார், மெஸ்யே என்றுதான் கூப்பிடுவோம், “கவலைப்படாதே, வருவார்” என்றார். ‘மர்மத் தீவு’ என்ற இன்னொரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். 1874, 75-ல் வந்தது. வந்துவிட்டார் நெமோ! அதோடு இல்லை, அவர் ஒரு இந்தியர் என்று வேறு தெரிந்தது. பண்டல்கண்ட் ராஜகுமாரர் தக்கார், திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை, 1857-ல் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவர். வகுப்பில் நாங்கள் மேஜையைத் தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பு மெஸ்யே எட்டிப் பார்த்தார்.

(முதலில் நெமோவைப் போலந்துக்காரராகத்தான் வெர்ன் நினைத்திருந்தாராம். ரஷ்யாவில் புத்தகம் விற்காதே என்று பதிப்பாளர் எட்செல் தடுத்துவிட்டார். நமக்கு ஒரு இளவரசர் கிடைத்தது அப்படித்தான்.)

ஆனால் அந்த இரண்டாவது புத்தகத்தில் வந்தது சாவதற்காகத்தான். கிழவராகி, தீவுக்கடியில் ஒரு குகையில், கப்பலிலேயே உயிரை விடுகிறார். தீவுக்காரர்கள் அவர் கேட்டுக்கொண்டபடி கப்பலின் மூடியைச் சாத்தி, தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட, நாட்டிலஸ் அவரையும் சுமந்துகொண்டு அடியில் போய்விடுகிறது. சுழலில் போயிருந்தால் எங்கோ இருக்கிறார் என்றாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். இதைப் படித்தபிறகு அதுவும் போயிற்று. மெஸ்யே மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம். இப்போது யோசித்தால், அவர் பொய் சொல்லவில்லை. பாதி சொன்னார். நானும் பேரனிடம் அதைத்தான் செய்தேன்.

இரண்டு புத்தகத்திலும் வருகிற தேதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பது இன்னொரு விஷயம். என் டேபிளுக்கு வந்திருந்தால் க்வெரி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆசைப்பட்டவரைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் தேதியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

வெள்ளைக்காரர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் 1982-ல் ஸ்பாக்கைச் சாகடித்து ஊரையே அழவைத்தார்கள். 1984-ல் அடுத்த படத்தின் தலைப்பிலேயே அவரைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் படத்தை டைரக்ட் செய்தவர் ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோயேதான். செத்தவரே தன்னை எழுப்பிக்கொண்ட மாதிரி.

சுஜாதா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சில சமயம் நினைப்பேன். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை விகடன் வாசகர்களின் வீட்டுப் பிள்ளையாக்கியவர். ‘எந்திரன்’ வசனத்திலும் அவர் கை உண்டு. 2008 பிப்ரவரி 27-ல் காலமானார், படப்பிடிப்பு தொடங்கிய சமயம். தியேட்டரில் படம் தொடங்கி அவர் பெயரைப் பார்த்தபோது பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள்.

2016-ல் என் மனைவி போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் பத்து நாள். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. கூடத்தில் கிடத்தியிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

2018 நவம்பர் 29-ல் ‘2.0’ வந்தது. பேரன்தான் டிக்கெட் போட்டான், அதே வெற்றி தியேட்டர். முப்பரிமாணக் கண்ணாடியை என் மூக்குக் கண்ணாடி மேலேயே மாட்டிவிட்டான். செல்போன்களெல்லாம் பறந்து போகின்றன, பட்சிராஜனாக அக்‌ஷய் குமார் மிரட்டுகிறார், சர்க்கார் முதலில் மறுத்து, வேறு வழியில்லாமல் சிட்டியை எழுப்ப ஒத்துக்கொள்கிறது. மூடின ஃபைலைத் திரும்ப எடுக்கிறார்கள். பாகங்கள் ஒன்று சேர்ந்து சிட்டி கண் திறந்ததும் தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. எட்டு வருஷத்துக்கு முன் நான் சொன்ன பொய்யை முந்நூறு, நானூறு பேர் நடுவில் ஷங்கர் உண்மையாக்கிவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுப் போனானே, அதற்கு என்ன அர்த்தம்? அந்தப் படத்திலேயே சிட்டியை மறுபடி உடைக்கிறார்கள், மறுபடி சரிசெய்கிறார்கள். இந்தத் தடவை யாரும் அழவில்லை. பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம்.

“2030-ல மியூசியத்துல கழட்டிப் போட்டிருந்தாங்களே, இப்ப எப்படி எழுந்து வந்தான்?” என்று கேட்டேன்.

“மறுபடி கழட்டியிருப்பாங்க தாத்தா” என்றான். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க அன்னைக்குச் சொன்னது கரெக்ட். ஸ்க்ரூதான்” என்று சிரித்தான். அதை அவன் இன்னும் ஞாபகம் வைத்திருப்பான் என்று நான் நினைக்கவேயில்லை.

“உனக்குப் பிடிச்சுதா?”

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “பாட்டி ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க” என்றான்.

தாம்பரம் ஆட்டோ வந்தது. ஓரமாக எனக்கு இடம் விட்டு, அவன் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.