வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்!

வாடகை வீடோ, சொந்த வீடோ, வீடு பார்க்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி வசதி எப்படி?" என்பதுதான். அடுத்தது, "காத்து வருமா?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "சாயங்கால வெயில் எந்த ஜன்னலில் விழும்?" சென்னையில் குடித்தனம் நடத்துகிறவர்கள், அதிலும் கைக்குழந்தைக்காரிகள், இதைக் கேட்டே ஆக வேண்டும் சகோதரிகளே!

ஏன் என்று சொல்கிறேன். ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் கட்டியிருப்பது உச்சி வெயிலுக்காக. சித்திரை, வைகாசியில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே நிற்பதால், தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே நுழைய முடியாது. ஆனால் இரண்டு, மூன்று மணிக்கு மேல் சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டால், சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேராகக் கட்டில் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேற்கு அறைக்காரர்களின் பாடு அப்போதுதான் தெரியும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. அதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

எங்கள் வீட்டில் மேற்கு அறை மகன், மருமகளுடையது. மருமகள் தாய்வீட்டில் பிரசவம் முடித்து, பேரனுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது பங்குனியில் வந்து சேர்ந்தாள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. முப்பது அடித் தெருவுக்கு அந்தப் பக்கம், முன்பு ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அவர்கள் பால்கனியில் நின்றால் எங்கள் அறை முழுவதும் தெரியும். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. துணி உலர்த்த வருவார்கள், போன் பேச வருவார்கள். ஆனால் பால் கொடுக்கிற பெண்ணுக்கு அது எப்படி இருக்கும்?

நாள் முழுக்கக் கெட்டித் திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். திரைக்குப் பின்னால் அறை அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது. மின்விசிறி சுடுகாற்றை வாரி இறைத்தது. குழந்தையின் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு. ஒரு நாள் காப்பி கொண்டு போனேன். அவள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இங்க வந்து உக்காந்திருக்கே?" என்றேன்.

"திரை காத்துல விலகுது அத்தை. பகலா ராத்திரியான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சத்தான சாப்பாடு வேண்டும், தூக்கம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். மனத்துக்கும் ஏதாவது வேண்டாமா? இருட்டறையில் தனியாக, பயந்து பயந்து பால் கொடுக்கிற பெண்ணுக்கு மனம் சோர்ந்து போகாமல் என்ன செய்யும்? "இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்" என்று அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

திரை ஏன் போதாது?

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே வந்த வெயில் திரையிலும் தரையிலும் பட்டுச் சூடாக மாறும். அந்தச் சூட்டை அதே கண்ணாடி வெளியே விடாது. ஆகையால் கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரை கண்ணுக்குத்தான் நிழல். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் உத்தமம். மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி என்று நம் பெரியவர்கள் வெளியே கட்டினார்களே, அதற்கு இணை இன்றைக்கும் கிடையாது. கட்ட வசதி உள்ளவர்கள் அதையே கட்டுங்கள். எங்கள் குடியிருப்பிலோ, முகப்பில் எதையும் தொங்கவிடக் கூடாது என்று விதி. அதனால்தான் கண்ணாடியில் ஒட்டும் வெயில் தடுப்பு பிலிம் பக்கம் போனோம்.

இது மெல்லிய பாலியெஸ்டர் தாள். சாதாரணமாக 50 மைக்ரான் கனம் இருக்கும். பல ரகங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு அலுமினியம் பூசியிருப்பார்கள். அது வெயிலில் ஒரு பகுதியைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் வானமும் எதிர் வீடும்தான் அதில் தெரியும், நாம் தெரிய மாட்டோம். உள்ளே இருந்து நமக்குத் தெரு தெரியும்.

"கார்ல ஒட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கார் கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வண்டிகளுக்கு. வீட்டு ஜன்னலுக்கு அது பொருந்தாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பசை இல்லாமல் தானே ஒட்டிக்கொள்ளும் ரகமும் கிடைக்கிறது. காலி செய்யும்போது உரித்துக்கொண்டு போகலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

"99 சதவிகிதம் தடுக்கும்மா!" என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். எதை 99 சதவிகிதம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது புற ஊதாக் கதிர்க் கணக்கு. துணியும் படமும் வெளுக்காமல் இருக்க அது உதவும். ஆனால் சூட்டில் அதன் பங்கு மிகச் சிறியது. "மொத்த சூரிய வெப்பத்தில் எத்தனை சதவிகிதம் தடுக்கும், வெளிச்சம் எத்தனை சதவிகிதம் உள்ளே வரும்?" இந்த இரண்டையும் அட்டையில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் 20 என்றால் அறை மங்கல்தான். மருமகள் வெளிச்சத்துக்கு ஏங்கியதால் 35 போட்டிருந்ததை எடுத்தோம்.

எடுக்கும் முன் இரண்டு ரகத்தில் சாண் அகலத் துண்டு கேட்டு வாங்கி, செல்லோடேப்பால் ஒட்டி இரண்டு நாள் பார்த்தோம். ரொம்பப் பளபளவென்றிருந்த துண்டு, சாயங்கால வெயிலை எதிர்க் கட்டடத்தின் கீழ் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டியது. அங்கே ஒரு பாட்டி தினமும் உட்கார்ந்து கீரை ஆய்வார். "என்னம்மா, மேலேருந்து டார்ச் அடிக்கிறீங்க?" என்று கேட்டே விட்டார்! நம் சூட்டை அடுத்தவர் தலையில் கொட்டுவது நியாயமா? பளபளப்புக் குறைந்த ரகத்தையே வாங்கினோம்.

கண்ணாடியையும் பாருங்கள். பூப்போட்ட, சொரசொரப்பான பக்கத்தில் பிலிம் ஒட்டாது. கம்பி வலை பதித்த கண்ணாடி, நிறக் கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி, ஓரம் சில்லுப் பெயர்ந்த கண்ணாடி என்றால் கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்காமல் ஒட்டாதீர்கள். பிலிம் ஒட்டிய கண்ணாடி தானும் கொஞ்சம் சூடாகும். ஒரு பகுதி வெயிலிலும் ஒரு பகுதி நிழலிலும் இருந்தால், இத்தகைய கண்ணாடிகளில் விரிசல் விடக்கூடும்.

ஒட்டும் முறை

காலை வேளையில், கண்ணாடியில் வெயில் படாதபோது, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். நகர்த்தும் கதவானால் மெதுவாகத் தூக்கிக் கழற்றித் தரையில் போர்வை விரித்துப் படுக்க வையுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். மாடி ஜன்னலில் ஏறி நின்றுகொண்டு செய்யாதீர்கள். பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். பிளேடு ஒரு பக்கம், சோப்புத் தண்ணீர் ஒரு பக்கம். அதைவிட ஆபத்து, உரித்துப் போடும் பிளாஸ்டிக் தாள். தவழும் குழந்தை முகத்தில் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். உரித்த கையோடு அப்புறப்படுத்துங்கள்.

இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, குழந்தை ஷாம்பு நாலைந்து சொட்டு விடுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தைத் தூசி துளிகூட இல்லாமல் கழுவுங்கள். ஒரு மணல் இருந்தாலும் கொப்புளமாகத் தெரியும். பிலிமை ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூட விட்டு வெட்டுங்கள். மூலையில் முன்னும் பின்னும் இரண்டு செல்லோடேப் ஒட்டி இழுத்தால் அடித்தாள் தனியே பிரியும். கண்ணாடியிலும் பசைப் பக்கத்திலும் தாராளமாகத் தெளித்து, பிலிமைப் பரப்பி நகர்த்திச் சரி செய்யுங்கள். மேலேயும் தெளித்து, ரப்பர் வைத்த சின்ன வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். விளிம்பில் நூலிழை இடைவெளி விட்டு, புது பிளேடால் நறுக்குங்கள். சில நாள் ஆங்காங்கே நீர்க்குமிழியும் மங்கலும் தெரியும். தானே உலரும், குத்தாதீர்கள். ஒரு மாதம் கண்ணாடியைக் கழுவ வேண்டாம். பிறகும் மெத்தென்ற துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். அமோனியா கலந்த திரவம் ஆகாது.

ராத்திரியில் உஷார்!

கடையில், "ராத்திரியும் தெரியாதும்மா" என்றார்கள். நான் நம்பவில்லை. ஒட்டிய அன்றே இருட்டினதும் அறையில் விளக்கைப் போட்டுவிட்டு, வீட்டுக்காரரைத் தெருவுக்கு அனுப்பினேன். "நீ கையில வச்சிருக்கிற டம்ளர் வரைக்கும் தெரியுது!" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் மறுபக்கத்துக்குத் தெரியும். விளக்கு வைத்தால் திரை போட்டே ஆக வேண்டும். மழை மூட்டப் பகலில் உள்ளே விளக்கைப் போட்டாலும் இதே கதைதான்.

"பிலிம் ஒட்டினா குழந்தைக்கு வைட்டமின் டி போயிடுமே" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். சருமத்தில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைச் சாதாரணக் கண்ணாடியே ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. மூடிய ஜன்னல் வழியே வரும் வெயிலில் காட்டியதால் குழந்தைக்கு அந்தப் பலன் கிடைத்திருக்காது. வைட்டமின் டி பற்றிக் குழந்தை மருத்துவரைக் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஒரு தேன்சிட்டு தினமும் வந்து, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று நினைத்துக் கொத்தத் தொடங்கியது. வெளிக் கிரில்லில் பழைய துணி ஒன்றைப் பத்து நாள் கட்டி வைத்தோம். பிறகு வரவில்லை.

பிலிம் ஒட்டினால் அறை ஊட்டியாகிவிடாது. ஜன்னலைத் திறந்தால் அனல் வரத்தான் செய்யும். மேல்மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடியிலிருந்து இறங்கும் சூட்டுக்கு இது மருந்தல்ல. அதற்கு வெள்ளைப் பூச்சு வேண்டும். நாங்கள் பகலில் ஜன்னலை மூடி, ஆறு மணிக்குத் திறந்துவிடுகிறோம். கட்டிலில் விழும் வெயிலின் உறைப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. பேரனின் வேர்க்குருவும் மெல்ல அடங்கியது. மருமகள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, "அத்தை, பூக்காரம்மா வந்துட்டாங்க!" என்று அவள்தான் இப்போது எனக்குச் சேதி சொல்கிறாள்.

உங்கள் வீட்டிலும் பச்சைக் குழந்தைக்காரி இருந்தால், நாளை மாலை நாலு மணிக்கு அவள் அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பிலிமோ, தட்டியோ, இடம் மாற்றமோ, என்ன வேண்டும் என்று அந்த அறையே சொல்லிவிடும்.