மலை மேலே ஒரு கடல்... அதில் மூன்றே மூன்று மீன்!

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பீமன் அருவி, சாமை, தேன், பலாப்பழம். கொஞ்சம் அறிவியல் ஆர்வம் உள்ளவர்களுக்கு காவலூர் வானாய்வகம். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. ஆக, நட்சத்திரம் பார்க்க ஏற்ற மலை. அங்கே இல்லாத ஒன்று கடல்தான்!

அந்த மலையில், ஜமுனாமரத்தூரில், ஒரு மாணவனுக்குக் கடல் மீன் தொட்டி வைக்கும் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசைக்குக் காரணம் தேட வேண்டாம். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம் ஒன்றே போதும். கேட்பவர்கள் எல்லாம் முதலில் கேட்பது, "கடல் தண்ணிக்கு எங்கே போவ?" என்றுதான். உண்மையில் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பை லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்தால் கடல் நீர் தயார். பிரச்சினை வேறு. எந்த மீனோடு எந்த மீனை விடுவது?

ஏரிக்காரர்களின் கணக்கு

நம்மூரில் குளத்தில் மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அதிகம் கை வைக்காது. அதனால்தான் மூன்றையும் ஒரே குளத்தில் விடுகிறார்கள்.

கடல் தொட்டிக்கும் இதே கணக்குதான். ஆனால் கூடவே இன்னொன்று சேர்கிறது. பவளப்பாறை மீன்களில் பலவற்றுக்கு ஒரு பொந்தோ மூலையோ சொந்த வீடு மாதிரி. அடுத்தவன் பக்கத்தில் வந்தால் துரத்தும். கடலில் துரத்தப்பட்ட மீன் பத்து மீட்டர் தள்ளிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். இரண்டு அடிக் கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்? மூலையில் ஒடுங்கி, துடுப்பு கிழிந்து, சாப்பிடாமல் கிடந்து சில நாட்களில் செத்துவிடும்.

இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றே கால் அடி உயரம் உள்ள தொட்டியில் கிட்டத்தட்ட 70 லிட்டர் பிடிக்கும். பாறையும் மணலும் போட்ட பிறகு மிஞ்சுவது 55 லிட்டர் இருந்தால் பெரிது. ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அதன் வாய் எவ்வளவு பெரியது? வளர்ந்தால் எவ்வளவு இடம் கேட்கும்? குணம் எப்படி?

வேண்டாத பட்டியல்

கடையில் முதலில் கண்ணை இழுப்பது நீல நிற டாம்செல். விலை குறைவு, லேசில் சாகவும் சாகாது. புதுத் தொட்டிக்கு இதுதான் சரி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலான டாம்செல்கள் பெரிய ரவுடிகள்! முதலில் குடியேறிவிட்டால் பின்னால் வரும் எதையும் வாழ விடாது. அதைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டுமானால் எல்லாப் பாறைகளையும் கலைத்தாக வேண்டும்.

அடுத்தது படத்தில் வந்த 'டோரி', நீல டேங் மீன். கடையில் இரண்டு அங்குலம்தான் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடிக்குப் பக்கத்தில் போகும். நாள் முழுக்க நீளமாக நீந்துகிற மீனுக்கு இரண்டு அடித் தொட்டி ஜெயில்தான். சிங்க மீன் அழகுதான், ஆனால் வாய்க்குள் நுழைகிற எதுவும் அதற்கு இரை. மாண்டரின் மீன் பரம சாது. பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளைத்தான் பொறுக்கித் தின்னும். சின்னத் தொட்டியில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், மீன் பட்டினியில் சாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில வகைகள் உயிருள்ள பவளத்தைத் தவிர வேறு எதையும் தொடாது.

ஆக, சண்டைக்காரனை மட்டும் ஒதுக்கினால் போதாது. நம் தொட்டியில் பட்டினி கிடக்கப்போகிற சாதுவையும் ஒதுக்க வேண்டும்.

பொருந்தும் மூவர்

முதல் ஆள் வாட்ச்மேன் கோபி. விரல் நீளத்துக்கு மஞ்சள் மீன், மணலோடு மணலாகக் கிடக்கும். இதனுடன் பிஸ்டல் இறால் ஒன்றை விட்டால் வேடிக்கை. அந்த இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் காக்கும். இறால் தன் மீசையை மீனின் மேல் வைத்தபடியே வேலை பார்க்கும். மீன் வாலை ஆட்டினால் இரண்டும் வளைக்குள்! ஒரே ஒரு எச்சரிக்கை: பாறைகளை மணல் மேல் அடுக்கக் கூடாது, தொட்டியின் அடியிலேயே நிறுத்திவிட்டுப் பிறகு மணல் போட வேண்டும். இல்லையென்றால் இறால் தோண்டத் தோண்ட பாறை சரியும்.

அடுத்தது நீமோ, அதாவது க்ளவுன் மீன். ஒரே இனத்தில் இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்க வேண்டும். க்ளவுன் மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளரும். இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். வேறு இன க்ளவுனைச் சேர்த்தால் அடிதடி நிச்சயம். கடல் சாமந்தி இல்லாமலும் இது தொட்டியில் நன்றாகவே வாழும்.

கோபி அடியில், க்ளவுன் ஜோடி மேலே. ஏரிக்காரர்களின் அதே மிர்கால், கட்லா கணக்கு! மொத்தம் மூன்று மீன், ஒரு இறால், கண்ணாடியில் பாசி மேய நாலைந்து நத்தை. அவ்வளவுதான்.

பஸ் ஒரு தடவை, மீன் இரண்டு தடவை

இங்கேதான் மலைக்காரனுக்குச் சோதனை. வண்ண மீன் சந்தை என்றால் சென்னை கொளத்தூர். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் போய்விட்டு ஒரே ஒரு மீனோடு திரும்ப யாருக்கு மனசு வரும்? எல்லாவற்றையும் ஒரே தடவையில் அள்ளி வரத்தான் தோன்றும்.

அப்படிச் செய்தால் கெட்டது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் பெருக, மீனே இல்லாத தொட்டி நான்கிலிருந்து ஆறு வாரம் ஓட வேண்டும். அதன் பிறகும் கூட்டத்தைத் திடீரென்று ஏற்றினால் பாக்டீரியா ஈடுகொடுக்காது. அதனால் இரண்டு பயணம். முதலில் கூச்சப்படும் கோபியும் இறாலும். மூன்று, நான்கு வாரம் கழித்து க்ளவுன் ஜோடி. வம்பு செய்யக்கூடியவன் எப்போதும் கடைசியில் வர வேண்டும். அப்போதுதான் முதலில் வந்தவனுக்கு வீடு மிஞ்சும்.

மலையில் இன்னொரு விஷயம் குளிர். சென்னையில் கோடையில் தண்ணீரைக் குளிர வைக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே மார்கழி இரவில் 24-லிருந்து 27 டிகிரிக்குள் வைக்க ஹீட்டர் வேண்டும். கரண்ட் போனால் ஹீட்டரும் பம்ப்பும் சேர்ந்தே நிற்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருப்பது நல்லது. மூன்றே மீன் இருக்கும் தொட்டி அந்த நேரத்தைத் தாங்கும். பத்து மீன் இருந்தால் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பவளம் இல்லாத பவளத் தொட்டி

கல் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வாங்குவதும் விற்பதும் குற்றம். காரணம் தேடி தூரம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன, இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல வருடம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். ஆகவே செயற்கைப் பாறைதான் வழி. மலையில் கல்லுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். கருங்கல்லில் துளைகள் இல்லை, பாக்டீரியா குடியிருக்க இடம் போதாது.

மீனிலும் இதே கவனம் வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்திலும் க்ளவுன் மீனை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனா, கடலில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேட்பது தப்பில்லை. பண்ணை மீன் தொட்டிக்கும் கையில் போடும் தீனிக்கும் பழகியிருக்கும். பாறையிலிருந்து ஒரு மீன் குறையவும் குறையாது.

எல்லாம் முடிந்து தொட்டி ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்கு வருபவர்கள் கேட்பார்கள்: "இத்தனை செலவு பண்ணி மூணு மீன்தானா?" அந்த மாணவன் அப்போது பதில் சொல்ல வேண்டாம். அடுத்த வருடம் பலா சீசனுக்கு அவர்கள் திரும்பி வரும்போது அதே மூன்று மீன்களும் தொட்டியில் இருந்தால் போதும்.