மூன்று கோப்பில் ஒரு டெல்டா

எஸ்விஜி என்ற வெக்டார் படக் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து தொடக்கத்தில் இருக்கும் அகலத்தைப் பார்த்தாலே அது எங்கே பிறந்தது என்று சொல்லிவிடலாம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 744.09 என்று இருந்தால் பழைய இங்க்ஸ்கேப், அங்குலத்துக்கு 90 என்ற கணக்கு. 2017-இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து இங்க்ஸ்கேப் அங்குலத்துக்கு 96 என்று மாறிக்கொண்டது. அந்தக் கணக்கில் அதே தாள் 793.7. இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து வந்ததென்றால் 595.28, அச்சுக்காரர்களின் பாயின்ட், அங்குலத்துக்கு 72. மூன்றும் ஒரே தாள்தான். ஆனால் மூன்றையும் அப்படியே ஒரே கோப்பில் போட்டால் ஒரு ஆறு கடலைத் தாண்டிப் போகும், இன்னொன்று தஞ்சாவூரிலேயே முடிந்துவிடும்.

புத்தகங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். காவிரி டெல்டா படம் என்றால் பெரும்பாலும் அது ஒரு கையில் பிறப்பதில்லை. ஆறுகளை ஒருவர் வரைந்திருப்பார், சாலையையும் ரயில் பாதையையும் இன்னொருவர், ஊர்ப் பெயர்களை மூன்றாமவர். மூன்றையும் லேயர் கெடாமல் ஒன்றாக்குவது என் பங்கு. கோடு வரைவதைவிட எனக்கு இந்த வேலைதான் பிடிக்கும்.

முதலில் அளவு. 90-ஐ 96 ஆக்க 1.0667 மடங்கு, 72-ஐ 96 ஆக்க 1.3333 மடங்கு. கண்ணால் பார்த்து மூலையைப் பிடித்து இழுப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. எண்ணைக் கட்டத்தில் தட்டிவிட வேண்டும். பெரிதாக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து பெரிதாகும்படி அமைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படம் வளர்ந்திருக்கும், காவிரி மட்டும் வாய்க்கால் தடிமனில் நிற்கும்.

எல்லோரும் ஒரே சட்டகத்தில் வரைந்திருந்தால் இதோடு இடப்பிரச்சினை தீர்ந்தது. பெரும்பாலும் அப்படி இருக்காது. ஒருவரின் படம் ஓர் இடத்தில் ஆரம்பிக்கும், மற்றவரின் படம் வேறோர் இடத்தில். அப்போது இரண்டு படத்திலும் ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு புள்ளிகளைப் பிடிப்பேன். கல்லணை ஒன்று. கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் கோடியக்கரை இன்னொன்று. இரண்டையும் பொருத்திவிட்டு மூன்றாவதாக முக்கொம்பைப் பார்ப்பேன். அது உட்கார்ந்தால் படம் உட்கார்ந்தது. உட்காராவிட்டால் பூமியின் உருண்டையைத் தட்டையாக்கிய முறையே இரண்டிலும் வேறு. தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் சமமான கட்டங்களாகப் போட்ட படம், டெல்டா இருக்கும் 11 டிகிரி வடக்கில் கிழமேற்காக ஏறக்குறைய 2 சதவீதம் நீண்டிருக்கும். 20 சென்டிமீட்டர் அகலப் படத்தில் அது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். ரயில் பாதை ஆற்றின் மறுகரைக்குப் போய்விடப் போதும். வெக்டார் மென்பொருளில் இழுத்துப் பிடித்து இதைச் சரிக்கட்டக் கூடாது. கியூஜிஐஎஸ் போன்ற புவித்தகவல் மென்பொருளுக்குத் திரும்பிப் போய் ஒரே முறையில் மறுபடி எடுத்துவர வேண்டியதுதான்.

அடுத்தது பெயர்களின் சண்டை. இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு கோப்பிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் எல்லாம் அப்போது தேர்ந்திருக்கும் ஒரே லேயரில் போய்க் குவியும். லேயர் பலகத்தின் மெனுவில் ‘பேஸ்ட் ரிமெம்பர்ஸ் லேயர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை டிக் செய்தால், வந்த இடத்தின் லேயர் பெயரோடு ஒட்டும். அதே பெயரில் ஏற்கெனவே லேயர் இருந்தால் அதற்குள்ளேயே போய்விடும். இரண்டு கோப்பிலும் ‘லேயர் 1’ என்று விட்டிருந்தால் ஆறும் சாலையும் கலந்துவிடும், பிறகு பிரிக்க ஒரு நாள் போகும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே, மூலக் கோப்பிலேயே பெயர் வைத்துவிடுவது என் வழக்கம்.

எஸ்விஜியில் சண்டை இன்னும் உள்ளே நடக்கும். இல்லஸ்ட்ரேட்டர் எஸ்விஜியாக வெளியே தரும்போது நிறங்களுக்கு எஸ்டி0, எஸ்டி1 என்ற மாதிரி வகுப்புப் பெயர் வைக்கும். ஆற்றுக் கோப்பில் எஸ்டி0 நீலம், ரயில் கோப்பில் எஸ்டி0 கறுப்பு. இரண்டின் எழுத்தையும் ஒரே கோப்பில் வெட்டி ஒட்டினால் பின்னால் வந்த விதி ஜெயிக்கும், காவிரி கறுப்பாக ஓடும். கிரேடியன்ட், பேட்டர்ன் ஆகியவற்றின் ஐடிகளும் இதேபோல் மோதிக்கொள்ளும். தீர்வு சலிப்பூட்டுவது: ஒவ்வொரு கோப்பிலும் எல்லாப் பெயருக்கும் ஒரு முன்னொட்டு, ‘ஆறு’, ‘ரயில்’, ‘பெயர்’. தேடி மாற்றினால் முடிந்தது. இதைச் செய்யப் பழகியவருக்கு லேயர் மீதிருந்த பயமே போய்விடும். இங்க்ஸ்கேப்பில் லேயர் என்பது உள்ளே பார்த்தால் சாதாரண குழு, ‘இது லேயர்’ என்று ஒரு குறிப்பு ஒட்டியது, அவ்வளவுதான். அந்தக் குழுவை முழுதாக வெட்டி இன்னொரு கோப்பில் வைக்கலாம். அது கைகாட்டும் வரையறைகளையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம் கைவேலை. யோசிக்க வேண்டிய இடம் வேறு: எதை ஒரு லேயர் என்பது?

வரைபவருக்கு வரைபவர் இது மாறும். சிலர் வடிவத்தை வைத்துப் பிரிப்பார்கள்: கோடுகள், நிரப்பிய பரப்புகள், எழுத்துகள். சிலர் பொருளை வைத்து: ஆறு, சாலை, ஊர். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் நிறத்தை வைத்துப் பிரிந்தவை. நீர் நீலம், சம உயரக் கோடு பழுப்பு, காடு பச்சை, நிறத்துக்கு ஒரு தகடு. அச்சு எந்திரத்துக்கு அது சரியான பிரிவு. என் கணக்கு இன்னொன்று: தனியாக நீக்க வேண்டிவரும் எதுவும் தனி லேயர்.

டெல்டாவில் இது எதற்கு உதவும் என்றால், வரலாற்று நூல்களுக்கு. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. கூடவே மூன்றாவதாகக் கல்லணைக் கால்வாயும் கிளம்புகிறது. தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்தது அது. ஆறு வரைந்தவர் மூன்றையும் ‘நீர்’ என்று ஒரே லேயரில் வைத்திருந்தால், சோழர் காலப் படத்தில் புது ஆறும் ஓடும். ராஜராஜன் தலைநகரில் ரயில் ஓடினால் யார் பார்த்தாலும் சிரித்துவிடுவார்கள், திருத்திவிடலாம். நீலக் கோடு ஒன்று கூடுதலாக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. ஆகவே ஒன்றுசேர்க்கும்போது ‘நீர்’ லேயரை உடைப்பேன். காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு எல்லாம் ஒன்றில். 1934-இன் கால்வாய் தனி. முக்கொம்பில் 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை தனி. ஆற்றுப் பிரிவு இருக்கும், குறுக்கே அணைக்கோடு மட்டும் மறையும். இப்படிப் பிரித்த ஒரே கோப்பிலிருந்து மூன்று காலத்துப் படம் எடுக்கலாம். வந்தபோது 3 கோப்பில் 9 லேயர் இருந்திருக்கும், முடிக்கும்போது 20-ஐத் தொடும். லேயர் கூடினால் குழப்பம் என்பார்கள். பெயர் ஒழுங்காக இருந்தால் குழப்பம் வராது என்பது என் கட்சி.

வரிசையில் சொல்ல அதிகம் இல்லை. கோப்பில் முதலில் எழுதியது அடியில், கடைசியில் எழுதியது மேலே. ஆற்றின் மேல் சாலை, சாலையின் மேல் ஊர்ப் புள்ளி, எல்லாவற்றுக்கும் மேல் எழுத்து.

ஆற்றின் பெயர்தான் படுத்தும். அது ஆற்றின் போக்கிலேயே வளைந்து போக வேண்டும், எனவே ஒரு கோட்டின் ஐடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கோடு ஆற்று லேயரில் இருந்து, முன்னொட்டுச் சேர்க்கும்போது ஐடி மாறினால், ‘கொள்ளிடம்’ என்ற பெயர் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதைவிட, ஆற்றின் நெளிவு தமிழ் எழுத்துக்கு ஆகாது. கீழ்நோக்கித் தொங்கும் வளைவில் எழுத்துகளின் தலைகள் முட்டிக்கொள்ளும், மேல்நோக்கிய வளைவில் விலகி, ‘கொ’வின் காலும் கொம்பும் வேறு வேறு எழுத்துபோலத் தெரியும். நான் பெயருக்கென்றே ஒரு மென்மையான வளைகோடு வரைந்து, நிறமில்லாமல், பெயர் லேயரிலேயே வைத்துவிடுவேன். பெயர் எந்தக் கோப்புக்குப் போனாலும் தன் பாதையைக் கூடவே தூக்கிக்கொண்டு போகும்.

பழைய கோப்பின் பெயர்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் சேர்ப்பதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வளைகோடாக மாற்றித் தப்பிக்கலாம்தான்; மறுபதிப்பில் ஓர் ஊரின் பெயரைத் திருத்தச் சொன்னால் அப்போது தெரியும்.

அச்சகத்துக்கு எப்போதும் நகல்தான் போகும். அந்த நகலில் எழுத்து வளைகோடாகலாம், லேயர்கள் தட்டையாகலாம், கவலை இல்லை. எஸ்விஜியின் நிறம் திரைக்கானது. அதில் கறுப்பாக இருக்கும் ஊர்ப் பெயர் அச்சுக்கு மாறும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும், தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும். பெயர் லேயர் தனியாக இருப்பதால் ஸ்கிரைபஸிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ அதை மட்டும் தேர்ந்து, கறுப்பு 100, மற்ற மூன்றும் 0, ஓவர்பிரின்ட் என்று வைத்துவிட்டு பிடிஎஃப் எடுத்து அனுப்பலாம்.