தலைகீழ்த் திரை

அப்பா அமுக்க வேண்டிய ‘கயிறு’ பொத்தான் திரையின் வலது மேல் மூலையில் இருந்தது. அவரோ இடது கையை நிதானமாகக் கீழே கொண்டுபோய், இடது கீழ் மூலையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் அமுக்கினார். பில்லில் கயிறு ஏறியது. அடுத்து மிதவை. அது இடது மேல் மூலையில் இருக்கிறது. வலது கீழே அமுக்கினார். அதுவும் சரியாக ஏறியது.

“என்னப்பா பண்றீங்க?”

“என் கைக்கு இப்ப அப்படித்தான்டா வருது. எடம் வலம், மேல கீழ எல்லாம் மாறிப்போச்சு. பழகிக்கிட்டேன்.”

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்ன வலைக்கடை. எட்டு மாதம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு வந்துவிட்டது. வலது கை மட்டும் பேனா பிடிக்க வரவில்லை. பில் எழுத முடியாத கையோடு கடையில் உட்காருவது அவருக்குப் பெரிய அவமானம். அதனால்தான் ஒரு ராஸ்பெர்ரி பையையும் 7 அங்குலத் தொடுதிரையையும் வாங்கி, பெரிய பெரிய பொத்தான்களோடு பில் போடும் நிரல் ஒன்றை எழுதிக் கல்லா மேசையில் வைத்தேன். இடது கை விரல் ஒன்று போதும்.

வைத்த அன்று ஒரு இடைஞ்சல். தாங்கியில் நிறுத்தினால் மின்கம்பி கீழ்ப்பக்கம் வந்து மேசையில் மடங்கியது. திரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். படத்தையும் அமைப்பில் 180 டிகிரி திருப்பிவிட்டேன். படம் நேரானது, தொடுதல் நேராகவில்லை. நமக்கு ஒரே பொருளாகத் தெரிவது உண்மையில் இரண்டு கருவிகள். படம் காட்டுகிற பலகை ஒன்று, அதன்மேல் விரலை உணர்கிற கண்ணாடி இன்னொன்று. படத்தைத் திருப்பிய செய்தி கண்ணாடிக்குப் போகவில்லை. அதற்கு இன்னமும் பழைய மேல்தான் மேல்.

இதற்கு மருந்து ஒன்பது எண்கள். பள்ளியில் அணி என்றும், பிறகு சிதம்பரத்தில் பொறியியல் படித்தபோது மேட்ரிக்ஸ் என்றும் மனப்பாடம் செய்தேனே, அதே மூன்றுக்கு மூன்று. விரல் பட்ட இடத்தைக் கணினி 0 முதல் 1 வரையிலான இரண்டு எண்களாக வைத்துக்கொள்கிறது. தலைகீழானால் இரண்டையும் 1-லிருந்து கழிக்க வேண்டும். 0.9, 0.1 என்று வந்த தொடுதல் 0.1, 0.9 ஆகிவிடும். இதை அணியாக எழுதினால் -1 0 1, 0 -1 1, 0 0 1. இருப்பது இரண்டு அச்சுகள்தானே, மூன்றாவது வரிசை எதற்கு என்று படிக்கிற காலத்தில் கேட்டதே இல்லை. அந்த ‘+1’ என்கிற நகர்த்தலைப் பெருக்கலுக்குள் நுழைக்கத்தான் அந்தக் கூடுதல் இடம். இரண்டுக்கு இரண்டு அணியால் திருப்ப முடியும், நகர்த்த முடியாது.

எக்ஸ்இன்புட் கட்டளையில் அந்த எண்களைக் கொடுத்தேன். சரியானது. அப்பா நாலு பில் போட்டுப் பார்த்துச் சிரித்தார். நான் சென்னைக்கு வண்டி ஏறினேன்.

அந்தக் கட்டளை இயந்திரம் ஓடுகிறவரைக்கும்தான் நிற்கும். படம் திரும்பியது அமைப்பில் சேமிக்கப்பட்டிருந்தது, தொடுதலுக்கான அணி சேமிக்கப்படவில்லை. மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊரில் வளர்ந்தவன் நான். கரண்ட் போகும் என்பதை மறந்து கட்டளை எழுதியிருக்கிறேன்.

அதற்குப்பின் பதினாறு நாள் அப்பா அந்தத் தலைகீழ்த் திரையில் வேலை பார்த்திருக்கிறார். ஒரு போன் இல்லை. அம்மாதான் அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள். “அந்தப் பொட்டில கோளாறோ என்னவோன்னு நான் கேட்டேன்டா. அவன் செஞ்சது தப்பா இருக்காது, என் மண்டைதான் கலங்கிப்போச்சுங்கறாரு. கைக்குப் பயிற்சி செய்யறதையும் விட்டுட்டாரு. போன வாரம் கடையை யாருக்காவது கைமாத்திடலாமான்னு கேட்டாரு.”

1890-களில் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் உலகத்தைத் தலைகீழாகவும் இடம்வலமாகவும் புரட்டிக் காட்டும் வில்லையை ஒரு கண்ணில் மாட்டி, மறு கண்ணை மூடிக்கொண்டு எட்டு நாள் நடமாடினார். போகப்போகக் கை பழகிவிட்டது. கழற்றிய பிறகு எந்தக் கையை நீட்டுவது என்று மறுபடி குழம்பினார். அவர் மாட்டியதும் அதே 180 டிகிரிதான். ஆனால் கண்ணில் வில்லை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மதியமே யுடெவ் விதியாக அணியை எழுதினேன். அங்கே ஆறு எண்கள் போதும், கடைசி வரிசை எப்போதும் ஒன்றுதான் என்பதால் கேட்பதில்லை. பயத்தில், இயந்திரம் எழும்போதே ஓடுகிற மாதிரி பழைய கட்டளையையும் சேர்த்து வைத்தேன். மறுபடி தலைகீழ்! இரண்டு முறை 1-லிருந்து கழித்தால் கழிக்காத மாதிரி. கட்டளையை எடுத்தபின் சரியானது.

“அப்பா, உங்க கையில ஒண்ணுமில்ல. நான்தான் தப்பா வச்சிருந்தேன்.”

நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். உட்கார்ந்து கயிறுக்கு இடது கீழே அமுக்கினார். அங்கே இப்போது ஒன்றும் நடக்கவில்லை. “பாத்தியா” என்றார்.

“கயிறு மேலயே அமுக்குங்க.”

அமுக்கினார். ஏறியது. மிதவை, ஏறியது. நடுவில் பழக்கத்தில் ஒருமுறை எதிர் மூலைக்குப் போய்த் திரும்பி வந்தார். நான் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். இயந்திரம் எழுந்ததும் மறுபடி அமுக்கினார். சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ மெயின அணைச்சுப் போடு” என்று சொல்லிவிட்டு, மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார்.