முதலில் காற்றைப் பார்

ஆரையம்பதியில் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். வேலை பழகச் சேர்ந்த முதல் மாரியில் பாஸ் எனக்குத் தந்த பொறுப்பு, காலையும் மாலையும் கொம்பிரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவது. தேயிலைச் சாயம்போலத் துருத்தண்ணீர் சீறிக்கொண்டு வரும். காற்றைத்தானே அடைத்தோம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு வெள்ளைத்தாளைக் காற்றுக்குழாயின் வாய்க்கு நேரே பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே தாளில் புள்ளி புள்ளியாக ஈரம். "வாவி இதுக்குள்ளயும் இருக்கு மனே" என்றார்.

பிளாஸ்மா வெட்டுக்கு அந்தக் காற்றுத்தான் கத்தி. நொசில் வழியே பாயும் காற்றை மின்வில் 20,000 பாகை வரை சூடாக்குகிறது. அது இரும்பை உருக்கி ஊதித் தள்ளுகிறது. இலெக்ட்ரோடின் நுனியில் கடுகளவு ஹாஃப்னியம் பதித்திருப்பார்கள். ஈரக்காற்று பட்டால் அது சீக்கிரம் குழிவிழும். தேய்ந்த இலெக்ட்ரோடைக் கழற்றி, அந்தக் குழியை விரல்நகத்தால் தடவிப் பார்க்கப் பழக்கினார். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் இந்தச் சின்னச் சாமான்களின் அருமை நன்றாகப் புரிந்தது.

ஒரு வருஷம் கையால்தான் வெட்டினேன். பொறி தகட்டுக்கு அடியில் சற்றே பின்சாய்ந்து விழுந்தால் வேகம் சரி. மெல்லப் போனால் அடியில் கட்டியாகக் கசடு தொங்கும், தட்டினால் விழுந்துவிடும். விரைந்து போனால் மெல்லிய கசடு ஒட்டிக்கொள்ளும், கிறைண்டர் பிடித்தால்தான் போகும். காற்று சுழன்று இறங்குவதால், டோர்ச் போகும் திசைக்கு வலப்பக்க விளிம்பு நேராக நிற்கும், இடப்பக்கம் சரியும். ஆகவே பொருளின் வெளிவிளிம்பை வலஞ்சுழியாகவும் உள்ளே வரும் துளையை இடஞ்சுழியாகவும் வெட்ட வேண்டும்.

2014 இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகு அக்கரையான படுவான்கரையிலிருந்து உழவு மெஷின் வேலைகள் நிறைய வரத் தொடங்கின என்று பாஸ் சொல்வார். ஒரே அளவில் நாற்பது தகடு, வேல் போட்ட கோயில் கேற் என்று வேலை கூடியதும், கணினி சொல்லும் வழியில் டோர்ச்சை நகர்த்தி வெட்டும் சிஎன்சி மேசை ஒன்று வாங்கும் யோசனை வந்தது. விலை குறைந்த மேசை ஒன்றைப் பார்க்கப் போனோம். பத்தடி நீளம், எனக்கு உடனே பிடித்துவிட்டது. பாஸ் எங்கள் 3 மில்லிமீற்றர் தகட்டை வைத்து வெட்டச் சொன்னார். பாதியில் சூட்டில் தகடு மேலெழும்பியது. டோர்ச் அதில் முட்டி, நொசில் கருகியது.

அந்த மேசையில் உயரக் கட்டுப்பாடு இல்லை. துளையிடும்போது டோர்ச் தகட்டுக்கு மேலே 4 மில்லிமீற்றரளவில் நிற்க வேண்டும், வெட்டும்போது 1.5 போதும். தகடு வளைந்தால் அதற்கேற்ப ஏறி இறங்கவும் வேண்டும். கையால் வெட்டும்போது மணிக்கட்டு இதைத் தானாகச் செய்துவிடும். உயரக் கட்டுப்பாடு உள்ள மெஷின் மின்வில்லின் வோல்டேஜைப் பார்த்து உயரத்தை அறிகிறது: டோர்ச் விலகினால் வோல்டேஜ் ஏறும், நெருங்கினால் குறையும்.

அடுத்த சிக்கல் கரண்ட். வீட்டு இணைப்பு 230 வோல்ட், 30 அம்பியர். மொத்தம் 6,900 வாட். 40 அம்பியர் பிளாஸ்மா முழுச்சுமையில் 5,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். கூடவே இரண்டு குதிரைவலுக் கொம்பிரசர் கிளம்பினால் பிரேக்கர் விழுந்துவிடும். மூன்று பேஸ் எடுத்து இரண்டையும் பிரித்தோம்.

கடைசியில் நாலடிக்கு நாலடி மேசை வாங்கினோம். எட்டடித் தகட்டைப் பாதியாக்கி ஏற்றுகிறோம். மிஞ்சிய பணத்தில் உயரக் கட்டுப்பாடும் காற்று உலர்த்தியும் வந்தன. பிளாஸ்மா மெஷினில் உயர் அதிர்வெண் பொறி இல்லாமல் வில் பற்றும் வகையையே எடுத்தோம். அந்தப் பொறி மேசையின் கணினியைக் குழப்பும். தகட்டுக்குக் கீழே தண்ணீர்த்தட்டு புகையையும் தூசியையும் பிடித்துக்கொள்கிறது. அலுமினியத்தை மட்டும் அதன்மேல் வெட்டுவதில்லை. தண்ணீரில் விழும் அலுமினியக் கசடிலிருந்து ஐதரசன் கிளம்பும், அது வெடிக்கக்கூடியது.

வீட்டுப் பட்டறைக்கு மேசை தேடும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் கையால் வெட்டிப் பழகுங்கள். உங்கள் மெயின் சுவிட்சில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். காற்றுக்குழாயின் முன்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தாள் நனைந்தால், மேசைக்கு முன் காற்று உலர்த்தியை வாங்குங்கள்.