ஒரு குவாட்டர், நான்கு கோப்பை

சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனுக்கு ஆறு தொகுதிகள். தில்லியில் என் வாடகை வீட்டு அலமாரியில் அந்த ஆறு தொகுதிகளுக்கும் பின்னால் ஒரு ரம் பாட்டில் பல வருடங்கள் குடியிருந்தது. மனைவிக்குத் தெரியும். சனிக்கிழமை மாலைகளில் வரும் நண்பர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அம்மா எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிப்பார். அகராதியைப் படிக்கமாட்டார் என்பது என் கணக்கு.

நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒளித்து வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. என் பெரியப்பா மகன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். திருநெல்வேலியில் லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா வேலை. மாலை வேலை முடிந்ததும் மதுக்கடைக்குப் போவான். ஒரு குவாட்டர், ஒரு தண்ணீர் பாக்கெட், பத்து விரலில் ஒன்று தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஊறுகாய். நின்ற வாக்கிலேயே குடித்து முடிப்பான். ஒருமுறை நான் கூடப் போயிருக்கிறேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மருந்து குடிப்பவர்கள் முகம் சுளிப்பதுபோலச் சுளித்தான். பிறகு வீட்டுக்குப் போய், அண்ணி எடுத்து வைத்த சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டான். கல்லீரல் கெட்டு 2011-இல் அவன் இறந்தபோது வயது 41. அவனை எடுத்து வளர்த்ததில் பாதிப் பங்கு என் அம்மாவுக்கு உண்டு. இப்போது நான் அவனைவிட வயதில் பெரியவன்.

மொழிபெயர்ப்பில் பிழைப்பவன் என்பதால் வினைச்சொற்களைக் கவனிப்பது என் வழக்கம். தமிழில் மதுவை நாம் அருந்துவதில்லை. ‘தண்ணி போடுகிறோம்’. ‘சரக்கு அடிக்கிறோம்’. போடுவதும் அடிப்பதும் சீக்கிரம் முடிக்க வேண்டிய காரியங்கள். அந்த வினைகளில் நாக்குக்கு வேலை இல்லை; ருசி இல்லை; எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளும் இல்லை. ஒரு காலத்தில் இதே மொழியில் கள், நறவு, தேறல், தோப்பி என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தன. தெளிந்தது வேறு, அரிசியில் வீட்டிலேயே வடித்தது வேறு. வள்ளுவர் 93-ஆவது அதிகாரத்தில் கள்ளுண்ணாமை சொன்ன இதே மொழியில்தான், அதியமான் இறந்தபின் ஒளவையார் பாடிய பாட்டும் இருக்கிறது. புறநானூற்றில் 235-ஆவது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தனக்கு வைத்துக்கொள்ளாமல் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், சோறு கொஞ்சமாக இருந்தாலும் பல கலங்களில் பகிர்ந்து உண்பான் என்று அழுகிறார் கிழவி. எம்.ஏ. வகுப்பில் இதைக் கொடைத்திறம் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். குறைந்த வருமானத்தில் விருந்து வைப்பது எப்படி என்பதற்கான குறிப்பும் அதில் இருப்பது பின்னால்தான் புரிந்தது.

சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனின் வருமானம் தில்லி ஹோட்டல்களுக்குக் கட்டாது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் சித்தரஞ்சன் பார்க்கில் குடியிருந்த ஒரு வங்காளிப் பெரியவர். ஓய்வு பெற்ற பிழை திருத்துநர். ஒரு குளிர்கால இரவில் அவர் வீட்டுக்கு நான்கு பேர் போயிருந்தோம். பாட்டிலைக் கண்ணில் காட்டவே இல்லை. பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் தேன் நிறத்தில் ஏதோ வந்தது. “பஞ்ச்” என்றார். “உங்கள் ஊர்ச் சரக்குதான். ஐந்து என்று அர்த்தம்.”

17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே கற்றுக்கொண்டுபோய் இங்கிலாந்தில் பரப்பிய பானம் அது. 1632-ஆம் வருடக் கம்பெனிக் கடிதம் ஒன்றிலேயே அந்தச் சொல் வருகிறது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து பொருள் சேர்வதால் ‘பாஞ்ச்’ என்ற இந்திச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. மறுக்கிற சொல்லாராய்ச்சியாளர்களும் உண்டு. பழனி பஞ்சாமிர்தம் தின்று வளர்ந்தவனுக்கு அந்த மறுப்பை ஏற்க மனம் வரவில்லை.

அளவு எளிது. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, வீரியம் மூன்று, தண்ணீர் நான்கு. இதை நான் மில்லியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எலுமிச்சைச் சாறு 60 மில்லி. சின்ன எலுமிச்சை மூன்று நான்கு போதும். பாகு 120. ரம் 180. பால் விடாத, ஆறிய தேயிலைத் தண்ணீர் 240. ஆக மொத்தம் 600 மில்லி. ஆளுக்கு 150 மில்லி வீதம் நான்கு கோப்பை. ரம் 180 மில்லி என்பது என்ன? ஒரு குவாட்டர். அண்ணன் ஐந்து நிமிடத்தில் சுவரோரம் நின்று முடித்த அதே அளவு இங்கே நான்கு பேருக்கு இரண்டு மணி நேரம் வருகிறது.

பாகுக்கு நான் கருப்பட்டி சேர்க்கிறேன். அம்மா ஒவ்வொரு முறை வரும்போதும் உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவருவார். அது தீர்ந்துபோனால், முசாபர்நகர்ப் பக்கமிருந்து தில்லிக்கு வரும் வெல்லம். சம எடைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, மண் போக வடிகட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே தட்டிய சுக்கும் கின்னோ ஆரஞ்சின் தோலும் போட்டு மூடிவிடுவேன். தோலுக்கு உட்புறம் இருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். கத்தியால் மேலாகச் சீவ வேண்டும். பழத்தைக் குழந்தைகள் தின்னலாம். தில்லிக் குளிர்காலத்தில் கின்னோ மலிவு, எலுமிச்சையும் மலிவு. ஏப்ரலில் இதைச் செய்ய நினைக்கக்கூடாது. 2022 ஏப்ரலில் எலுமிச்சை விலை ஏறிய ஏற்றத்தில் ரம்மை ஊற்றிவிட்டு எலுமிச்சையை எண்ணிப் போட வேண்டியிருந்தது. கடைசியில் ஜாதிக்காயை இரண்டு உரசல் உரசினால் முடிந்தது. ரம் என்றால் ஓல்டு மாங்க் போதும். 1954-இலிருந்து இருக்கிறது, வெனிலா வாசம் அடிக்கும், கருப்பட்டியோடு சண்டை போடாது.

சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். விலை கூடிய பொருளைக் கொஞ்சமாக வாங்கி, விலை குறைந்த பருவப் பொருளை நிறையச் சேர்ப்பது. ஜனவரியில் கால் கிலோ கொத்துக்கறியும் அரைக் கிலோ உரித்த பட்டாணியும் சேர்ந்தால் நான்கு பேர் சப்பாத்தியோடு வயிறாரச் சாப்பிடலாம். ரோகு மீனின் துண்டத்தைவிடத் தலை மலிவு. அதை வறுத்து, வறுத்த பாசிப்பருப்பில் போட்டு வேகவைப்பது வங்காளிகளின் வழக்கம். அந்தப் பருப்பும் சோறும் இருந்தால் வேறு எதுவும் கேட்காது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு, எலுமிச்சை பிழிந்து, சாட் மசாலா தூவினால் தெருவோரத்து ‘ஷக்கர்கந்தி’ வீட்டுக்கு வந்துவிடும். சென்ற ஜனவரியில் இந்த விருந்து ஒன்றுக்குக் கணக்கு எழுதிப் பார்த்தேன். நான்கு பேரின் சாப்பாடு, பானம் எல்லாம் சேர்ந்தும், நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஒரே ஒரு காக்டெயிலுக்கு வரியோடு பில் போடும் தொகையைத் தாண்டவில்லை.

சிக்கனத்தைச் சொல்கிறவன் மற்றதையும் சொல்ல வேண்டும். 30 மில்லி ரம்மில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. என் கோப்பையில் 45 மில்லி. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்துவிட்டதால் ரம் கஷாயம் ஆகிவிடாது. ஆகவே வீட்டில் சில விதிகள். சனிக்கிழமை மட்டும். தனியாகக் கிடையாது. தட்டு வைத்த பிறகுதான் கோப்பை. கிண்ணம் காலியானால் மறுபடி கலப்பதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கும் குடிக்காதவருக்கும் ரம் இல்லாத அதே பானம், அதே கோப்பையில். விதிகள் எழுதி ஒட்டப்படவில்லை. ஆனால் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சுவரோரம் என் நினைவுக்கு வரும்.

அந்த ஜனவரியில் அம்மா பொங்கலுக்கு வந்திருந்தார். போகிக்கு முன்பு வீடு துடைக்கிறேன் என்று ஆரம்பித்தவர், நான் வெளியே போயிருந்த நேரத்தில் லெக்சிகனை ஒவ்வொரு தொகுதியாக இறக்கிவிட்டார். லெக்சிகனுக்கு 1939-இல் ஓர் அனுபந்தமும் வந்தது. பின்னால் இருந்தது அது அல்ல என்று அம்மாவுக்கு உடனே தெரிந்திருக்கும்.

நான் திரும்பி வந்தபோது பாட்டில் மேஜை மேல் இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வயது நாற்பத்தெட்டு, கையில் இருந்த காய்கறிப் பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன். அண்ணனின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவன் அந்த அறையில் இருந்தான்.

சற்று நேரம் கழித்து, “நாளைக்கு எத்தன பேரு வாராக?” என்று கேட்டார்.

“மூணு பேரும்மா.”

எழுந்துபோய்க் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டார்.

மறுநாள் மாலை நான் பாகு காய்ச்சும்போது பக்கத்தில் வந்து நின்றார். கருப்பட்டி கரைவதைப் பார்த்தார். சுக்கு போட்டதையும் எலுமிச்சை பிழிந்ததையும் பார்த்தார். “இது பானகம்லா?” என்றார்.

“ரம் ஊத்துற வரைக்கும் பானகந்தாம்மா.”

“அப்பம் எனக்கு முன்னாடியே எடுத்து வச்சிரு.”

ஐந்தில் ஒன்றை நீக்கினால் பஞ்ச் பானகமாகிவிடும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. ராமநவமிக்கு வருடா வருடம் குடித்தவன்தான் நான். அன்று அம்மாவுக்கும் ஒரு கோப்பை. நண்பர்களோடு உட்கார்ந்து, பட்டாணிக் கொத்துக்கறியில் உப்புக் குறைச்சல் என்றார். சுண்டல் முதலில் தீர்ந்தது. நான் கோப்பையை எடுத்தபோது என் தட்டைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “சாப்பிட்டுட்டுக் குடிய்யா. அவன் வயித்துல ஒண்ணும் இல்லாமத்தான குடிச்சான்.”

பத்து நாள் கழித்து அம்மா ஊருக்குப் போனார். ரயிலேற்றிவிட்டு வந்து அலமாரியைப் பார்த்தேன். ஆறு தொகுதிகளும் தூசி இல்லாமல் வரிசையாக இருந்தன. பின்னால் ஒன்றும் இல்லை. பாட்டில் அடுப்படியில், நல்லெண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது.

“அத்தை அங்கேயே இருக்கட்டும்னு சொன்னாங்க” என்றாள் மனைவி. “கண்ணு முன்னால இருந்தாத்தான் எவ்வளவு குறையுதுன்னு தெரியுமாம்.”

அங்கேயேதான் இருக்கிறது.