புள்ளத்தாச்சிப் பச்சோந்தி

வெளிநாடுகளில் பச்சோந்தி வளர்ப்பவர்கள், புதிதாக வளர்க்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: இரண்டை ஒரே கூண்டில் விடாதே. சண்டை போட வேண்டும் என்றுகூட இல்லை. நாள் முழுக்க இன்னொன்று கண்ணில் பட்டுக்கொண்டிருந்தாலே போதும், தீனி எடுக்காமல் இளைத்துவிடும். குட்டி வேண்டுமென்றால் ஆணையும் பெண்ணையும் கொஞ்ச நேரம் சேர்த்துவிட்டு உடனே பிரித்துவிட வேண்டும். கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரை அது பெரும்பாலும் சீந்தாது. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் படாவிட்டால் எலும்பு வளைந்துபோகும் என்பதால் அதற்கென்று தனி விளக்கு வைக்கிறார்கள். தனிமை, பனித்துளி, வெயில் மூன்றையும் காசு கொடுத்து வாங்கிக் கம்பிவலைக்குள் வைக்கப் பாடுபடுகிறார்கள். திண்டிவனத்துப் பக்கத்து வேலிகளில் இந்த மூன்றும் சும்மா கிடந்தன.

அவர்கள் பெரும்பாலும் வளர்ப்பது ஏமன் நாட்டு வகையையும் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியையும். உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தாலும் இந்தியாவில் இருப்பது ஒன்றே ஒன்று. 1768-இல் லாரென்டி அதற்கு இலங்கையின் பெயரைச் சேர்த்து அறிவியல் பெயர் வைத்தார். தலையில் கவசம்போல் எழும்பிய கொண்டை, தனித்தனியே சுழலும் கண்கள், உடம்பைவிட நீளமாகப் பாயும் நாக்கு, கிளையைக் கிடுக்கிபோல் பற்றும் கால்கள் எல்லாம் நம்முடையதற்கும் உண்டு. உட்காரும் இடத்தின் நிறத்துக்கு அது மாறிக்கொள்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுகிறோம். அது மாறுவது பெரும்பாலும் குளிருக்கும் கோபத்துக்கும் துணைக்கும். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் நுண்ணிய குவானைன் படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதைக் காட்டினார்கள். சிலிர்த்துக்கொள்ளும்போது படிகங்களுக்கு நடுவில் இடைவெளி கூடுகிறது, பச்சை மஞ்சளாகிறது. மனசில் இருப்பதைத் தோலில் காட்டிவிடுகிற ஒரு பிராணியின் பெயரைக் கட்சி மாறுகிறவர்களுக்குக் கொடுத்தது எனக்கு நியாயமாகவே படவில்லை.

தீவனூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு கொல்லை இருந்தது. செம்மண். ஐப்பசியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, புடுங்கி, பெண்கள் வரப்போரம் வரிசையாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் வேலியிலிருந்து ஒரு பச்சோந்தி இறங்கி வந்தது. ஓர் அடி வைக்கும், முன்னும் பின்னும் ஆடும், மறுபடி யோசித்து இன்னோர் அடி வைக்கும். பையன்கள் கையில் அதற்குள் கல் ஏறிவிட்டது. ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்தது என்ற கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக ஓணானுக்கு விழும் கல்லடி பச்சோந்திக்கும் சேர்த்துத்தான்.

"கல்லக் கீழ போடுங்கடா. வவுத்தப் பாரு, புள்ளத்தாச்சி அது" என்றது எங்கள் ஆயா.

அப்போதுதான் பார்த்தோம். இரண்டு விலாவும் மல்லாட்டை மூட்டைபோல் புடைத்திருந்தன. உடம்பு கறுத்திருந்தது. ஆயா அந்த வரப்பில் இருந்த பெண்களை எழுப்பி அடுத்த வரப்பில் உட்கார வைத்தது. எதிர்த்துப் பேச ஆளில்லை, ஏனென்றால் கொல்லையில் ஆயா சொன்னால் சொன்னதுதான். பச்சோந்தி இரண்டு மூன்று இடத்தில் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மழை ஈரம் ஊறிய ஓர் இடத்தில் முன்னங்கால்களால் பறிக்கத் தொடங்கியது. தலை உள்ளே போயிற்று, பிறகு உடம்பும் போயிற்று, வால் மட்டும் வெளியே தெரிந்தது. வெகு நேரம் கழித்து உள்ளேயே திரும்பி முகத்தை வெளியே நீட்டியபடி முட்டையிட்டது. ஒரு கண் வானத்தில் பருந்தைத் தேட, இன்னொரு கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் சாயும்போது வெளியே வந்து பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளி மூடி மிதித்தது. விலா இரண்டும் ஒட்டிப்போய், வந்ததைவிட மெதுவாக வேலிக்குத் திரும்பியது. நாயும் கீரியும் பறித்துவிடக் கூடாது என்று அந்த இடத்தில் ஆயா முள்ளை வெட்டிப் போட்டது. ஏர் ஓட்ட வந்தவரிடமும் அந்த மூலையை விட்டு ஓட்டச் சொன்னது. முட்டை பொரிக்க மாதக் கணக்காகும். அந்த முள் அத்தனை நாளும் அங்கேயே கிடந்தது.

பெரியவனாகி இந்தப் பிராணியைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. கூண்டில் இருக்கும் பெண் பச்சோந்தி, பறிப்பதற்கு ஆழமான ஈரமண் கிடைக்காவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்திருந்து செத்துப்போகுமாம். பழகிய வளர்ப்பாளர்களே இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். ஆயா ஒரு வரப்பையே காலி செய்து கொடுத்ததன் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சமீபத்தில் விழுப்புரத்தில் ஒரு வண்ணமீன் கடையில், கல்லூரிப் பையன் ஒருவன் ஜோடியாகப் பச்சோந்தி கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்டான். கடைக்காரர், "கேஸாயிடும் தம்பி" என்று தலையாட்டிவிட்டார். அவர் சொன்னது சரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சோந்தியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அந்தச் சட்டம் வந்த 1972-இல்தான் ஹவாயில் இன்னொன்று நடந்தது. கென்யாவிலிருந்து வந்த கொம்புப் பச்சோந்திகள் வாடியிருக்கின்றனவே என்று விலங்குக் கடைக்காரர் ஒருவர் ஓவாஹு தீவில் தன் தோட்டத்தில் விட்டார். அவை தோட்டத்தைத் தாண்டிப் போய்ப் பெருகின. அந்தத் தீவுகளுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் இன்றும் தின்றுகொண்டிருக்கின்றன. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டதாக நம்மூரில் சொல்வது அந்தத் தீவுக்கு அப்படியே பொருந்தும்.

அந்தப் பையனின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பிராணியை நின்று பார்ப்பது நம் பழைய வழக்கம். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் 140-ஆம் பாட்டில், காதலன் பிரிந்துபோன பாலை வழியில் ஒரு கிழட்டு ஆண் ஓந்தி உட்கார்ந்திருக்கிறது. அதன் முதுகு அரிவாள் கருக்குப்போல இருக்கிறது. வழிப்போக்கர்கள் அதைக் கண்டு நிமித்தம் பார்க்கிறார்கள். அது தோட்டத்து ஓணானா, பச்சோந்தியா என்பதை அறிஞர்கள் பேசட்டும். எனக்குப் பிடித்தது வேறு. வீட்டில் தவித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அவன் நடக்கும் வழியை நினைத்ததும் இந்தச் சின்ன உருவம் முதுகின் ரம்பப் பல்லோடு மனசில் வருகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுரம் கடப்பவர்களும் ஓர் ஓந்திக்காக நின்றிருக்கிறார்கள்.

இப்போது அதே பிராணி நம் பாதைக்குக் குறுக்கே வருகிறது, யாரும் நிற்பதில்லை. புளியமரத்தின் பேரால் வழங்கும் திண்டிவனத்தில், நெடுஞ்சாலை நாலுவழியானபோது சாலையோரப் புளியமரங்கள் போயின. கிளுவையும் கள்ளியும் நொச்சியும் பின்னிய உயிர்வேலிகளைப் பிடுங்கிக் கல்தூணும் முள்கம்பியும் நட்டார்கள். கொல்லைகள் மனைகளாகின. கம்பியில் பூச்சி வராது, பச்சோந்திக்குக் கிளையும் கிடைக்காது. முட்டையிட மண் தேடி இறங்கும் பெண், தார்ச்சாலையைத் தன் ஆட்ட நடையில் கடக்கும்போது நசுங்குகிறது. வானூர் வட்டத்தில் ஆரோவில்காரர்கள் 1968 முதல் வளர்த்த காட்டையும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டையும் பார்த்தால், இந்த மண் என்ன தரும் என்று தெரியும். எல்லோரிடமும் காடு இல்லை. கொல்லைக்கு ஒரு பக்கமாவது நொச்சி வேலி வைக்கலாம்.

ஐப்பசி கார்த்திகையில் மரக்காணம் சாலையிலோ செஞ்சி சாலையிலோ ஒரு பச்சோந்தி ஆடி ஆடிக் கடப்பதைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அதற்கு விஷம் கிடையாது. ஒரு குச்சியை நீட்டினால் தானே பற்றிக்கொள்ளும். வந்த பக்கம் திருப்பி விடாமல், அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே மண்ணும் செடியும் உள்ள இடமாகப் பார்த்து இறக்கி விடுங்கள்.